கையில் தூக்கிச் செல்லும் மாற்று அம்ப்: மேடைக் கலைஞர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு கிராமத்துக் கோயிலில் பூங்காவனத் திருவிழா. இரவு பதினொரு மணியைத் தாண்டியிருந்தது. மேடையில் இசைக்குழு நான்காவது பாடலின் நடுவில் நின்றபோது பேஸ் கிற்றாரின் சத்தம் மட்டும் இல்லாமல் போனது. பாடகர் திரும்பிப் பார்த்தார். கீபோட்காரர் இடது கையால் கீழ்ச்சுரங்களை வாசித்துச் சமாளித்தார். பேஸ் வாசித்தவருடைய அம்ப் பெட்டிக்குப் பின்னால் இருந்து கருகிய மணம் வந்தது.

“அண்டைக்கு கரண்ட் போயிருந்தால்கூட பரவாயில்லைத் தம்பி. எல்லாருக்கும் போயிருக்கும். கரண்ட் இருந்தது, என்ர பெட்டி மட்டும்தான் போனது. மிச்ச ரெண்டு மணித்தியாலமும் கிற்றாரைப் பிடிச்சுக்கொண்டு சும்மா நிண்டனான்” என்றார் அந்த அண்ணை, பல மாதங்களுக்குப் பின்னர் என்னுடன் பேசியபோது.

அன்றைய கொடுப்பனவில் அவருக்குப் பாதிதான் கிடைத்தது. அடுத்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கு அவரை அழைக்கவில்லை. அவர் 2009 இல் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பொய்க்காலுடன் ஏறி இறங்கும் ஒருவருக்கு 25 கிலோவுக்கு மேற்பட்ட பேஸ் அம்ப் ஒன்றை வீட்டிலிருந்து மேடைவரை கொண்டுபோவதே பெரும்பாடு. ஓட்டோ பிடிக்க வேண்டும். தூக்கி வைக்க ஒருவரைக் கூட்டிச் செல்ல வேண்டும். அதேபோல இன்னொன்றை ‘இருக்கட்டும்’ என்று கொண்டுபோவதை அவரால் நினைத்தும் பார்க்க முடியாது.

வடக்கு கிழக்கில் திருமண மண்டபங்களிலும் கோயில் வீதிகளிலும் தேவாலய விழாக்களிலும் வாசிக்கும் பலருடைய நிலை இதுதான். வாத்தியத்தைக் கடன்பட்டு வாங்கியிருப்பார்கள். அம்ப் ஒன்றுதான் இருக்கும். அது பழுதானால் அந்த இரவின் உழைப்பும் போய், அடுத்த அழைப்பும் போய்விடும். அதனால் மாற்று அம்ப் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது, எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதை இந்தக் கட்டுரை விளக்க முயல்கிறது.

முதல் கேள்வி: எது பழுதாகும்?

கடைக்குப் போனவுடன் “எத்தனை வாட்?” என்றுதான் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள். அதற்கு முன்னர் நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. என்ன நடந்தால் எனக்கு மாற்று அம்ப் தேவைப்படும்?

மூன்று விடயங்கள் நடக்கலாம். ஒன்று, நம்முடைய அம்ப் மட்டும் பழுதாகலாம். இரண்டு, மேடைக்கு வரும் மின்சாரம் நிற்கலாம் அல்லது தாறுமாறாக வரலாம். மூன்று, வாகனம் வராமல், தூக்க ஆள் இல்லாமல் பெரிய பெட்டியை மேடைக்குக் கொண்டுவரவே முடியாமல் போகலாம்.

முதன்மை அம்பும் மாற்று அம்பும் ஒரே காரணத்தால் ஒன்றாகச் சாகக்கூடாது. இதுதான் அடிப்படை விதி. ஒரே வகையான இரண்டு பெட்டிகளை ஒரே மின்பிறப்பாக்கியில் செருகி வைத்திருந்தால், மின்னழுத்தம் எகிறும்போது இரண்டும் கருகும். இரண்டுக்கும் ஓட்டோ தேவை என்றால், ஓட்டோ வராத நாளில் இரண்டும் வீட்டில்தான் இருக்கும். மாற்று அம்ப் சிறியதாகவும் பாரமில்லாததாகவும் இருக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுவே. வாத்தியப் பையுடன் மறு கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறக்கூடியதாக இருந்தால் மட்டுமே அது உண்மையில் மேடைக்கு வரும்.

பாரம் எங்கிருந்து வருகிறது?

பழைய அம்ப் ஒன்றைத் திறந்து பார்த்தால் உள்ளே இரும்புத் தகடுகளில் செப்புக் கம்பி சுற்றிய மின்மாற்றி ஒன்று இருக்கும். வீட்டு மின்சாரம் வினாடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. இவ்வளவு மெதுவாக மாறும் மின்சாரத்தைக் கையாள மின்மாற்றிக்கு நிறைய இரும்பு தேவை. உலகம் முழுவதும் பெயர்பெற்ற ஃபென்டர் ட்வின் ரிவர்ப் என்ற 85 வாட் வால்வு அம்ப் ஏறக்குறைய 29 கிலோ இருப்பதற்கு இத்தகைய மின்மாற்றிகளும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் மரப் பெட்டியும்தான் காரணம்.

இன்றைய சிறிய அம்ப்களில் வேறு வகையான மின்வழங்கி இருக்கிறது. கைப்பேசி சார்ஜரிலும் மடிக்கணினி சார்ஜரிலும் உள்ள அதே நுட்பம். வரும் மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புவதால் மின்மாற்றி தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். இதற்கு ‘ஸ்விட்ச்மோட்’ மின்வழங்கி என்று பெயர்.

சத்தத்தைப் பெருக்கும் பகுதியும் மாறியிருக்கிறது. பழைய ‘கிளாஸ் ஏபி’ முறையில் எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாக வீணாகும். அந்த வெப்பத்தை வெளியேற்ற அலுமினியத் தகடுகள் வேண்டும். ‘கிளாஸ் டி’ முறையில் முழு அளவில் வேலை செய்யும்போது 90 சதவீதம் அளவுக்கு மின்சாரம் ஸ்பீக்கருக்குப் போகிறது. தகடும் சிறிது, பாரமும் குறைவு. குறைந்த மின்சாரமே போதும் என்பதால் பற்றரியிலும் ஓட்ட முடிகிறது.

ஸ்பீக்கரில் உள்ள காந்தமும் பாரம்தான். பழைய ஃபெரைட் காந்தத்துக்குப் பதிலாக நியோடிமியம் காந்தம் இருந்தால் அதே சத்தத்துக்குப் பல கிலோ குறையும். ஆனால் விலை கூடும்.

கடையில் மூன்று வசனங்களைத் தேடிப் பாருங்கள்: ஸ்விட்ச்மோட் மின்வழங்கி, கிளாஸ் டி, நியோடிமியம். முதல் இரண்டும் இருந்தாலே பாரப் பிரச்சினையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

வாட் கணக்கில் ஏமாற வேண்டாம்

வாட் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகும் என்று நினைப்பது இயல்பு. காது அப்படிக் கேட்பதில்லை. வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல் மட்டுமே கூடும். கவனித்துக் கேட்டால்தான் அந்த வித்தியாசம் தெரியும். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல் கூட வேண்டும்; அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. அதாவது 20 வாட் அம்புக்குப் பதிலாக 40 வாட் வாங்குவதால் பெரிய மாற்றம் வராது.

வாட் அளவுக்குச் சமமாக ஸ்பீக்கரின் உணர்திறனும் முக்கியம். ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் கேட்டால் எத்தனை டெசிபல் என்பதை ஸ்பீக்கர் விபரத்தில் போட்டிருப்பார்கள். 91 டெசிபல் ஸ்பீக்கரும் 97 டெசிபல் ஸ்பீக்கரும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். ஆனால் அந்த 6 டெசிபல் வித்தியாசத்தை ஈடுசெய்ய நான்கு மடங்கு வாட் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 97 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்தால் ஒரு மீற்றரில் 110 டெசிபல் கிடைக்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் குறையும். 2 மீற்றரில் 104, 4 மீற்றரில் 98, 8 மீற்றரில் 92, 16 மீற்றரில் 86. ஒரு சிறிய மண்டபத்துக்கோ வீட்டு முற்றத்து நிகழ்ச்சிக்கோ இது போதும். நூற்றுக்கணக்கானோர் நிற்கும் கோயில் வீதிக்குப் போதாது. ஆனால் கோயில் வீதியில் சனத்துக்குச் சத்தம் கொடுப்பது சவுண்ட்ஸ்காரரின் பெரிய ஸ்பீக்கர்கள்தான். நமது அம்ப் செய்ய வேண்டியது, நாம் வாசிப்பது நமக்குக் கேட்கவும், அந்தச் சத்தம் மிக்ஸருக்குச் சுத்தமாகப் போகவும் வழிசெய்வதே.

சந்தையில் விற்கும் மலிவான சக்கரம் பூட்டிய பெட்டிகளில் ஆயிரக்கணக்கான வாட் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் ‘பீஎம்பீஓ’ என்ற கணக்கு. அதற்குப் பொருள் இல்லை. ‘ஆர்எம்எஸ்’ வாட் எவ்வளவு என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் பெட்டியுடன் வரும் அடப்டரைத் திருப்பிப் பாருங்கள். 15 வோல்ட், 2 அம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 30 வாட். பற்றரி துணை நின்றாலும் அந்தப் பெட்டி ஒரு இரவு முழுக்க ஆயிரம் வாட் தர எந்த வழியும் இல்லை.

இப்பெட்டிகளை வாங்குவோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று, புளூடூத். வாசிப்பதற்கும் சத்தம் வருவதற்கும் இடையில் அதில் காதுக்குத் தெரியுமளவு தாமதம் இருக்கும். பாட்டுப் போட்டுக் கேட்க நல்லது. வாத்தியம் வாசிக்க முடியாது. வாத்தியத்துக்கான வயர் துளை தனியாக இருக்க வேண்டும்.

எந்த வாத்தியத்துக்கு எது?

எல்லா வாத்தியத்துக்கும் ஒரே அம்ப் பொருந்தாது.

கிற்றார் அம்பின் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சத்தத்தைக் குறைத்துவிடும். மின்கிற்றாருக்கு அது அழகு. அதே பெட்டியில் கீபோட்டைச் செருகினால் போர்வைக்குள் இருந்து வருவதுபோலக் கேட்கும். கீபோட்டுக்கும் வயலினுக்கும் குரலுக்கும் உயர்சுரங்களைத் தரும் சிறு ஸ்பீக்கர் ஒன்று கூடவே உள்ள பெட்டி வேண்டும்.

பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். இவ்வளவு தாழ்ந்த சத்தத்தை ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒன்று உரத்துத் தரமுடியாது. வற்புறுத்தினால் கடதாசிக் கூம்பு கிழியும். பேஸ் வாசிப்பவர்கள் பற்றரியில் ஓடும் சிறிய கிற்றார்ப் பெட்டியை மாற்றாக வாங்குவது பணத்தை வீணாக்கும் வேலை.

இவற்றை வைத்துப் பார்த்தால் மாற்று வழிகள் மூன்றாகப் பிரிகின்றன.

முதலாவது, ஸ்பீக்கரும் பற்றரியும் உள்ளேயே உள்ள சிறுபெட்டி. உதாரணமாக, தெருவில் வாசிப்பவர்களுக்காக வந்த ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட் ஈஎக்ஸ் 50 வாட், 7.4 கிலோ. எட்டு ஏஏ அளவுப் பென்டோர்ச் பற்றரிகளில் ஓடும். கிற்றாரும் மைக்கும் ஒன்றாகச் செருகலாம். மின்சாரம் அடியோடு நின்றாலும் ஒரு பாடகரும் ஒரு கிற்றார்காரரும் ஐம்பது பேருக்கு முன்னால் நிகழ்ச்சியை நடத்தி முடிக்க இத்தகைய பெட்டி உதவும்.

இரண்டாவது, ஸ்பீக்கர் இல்லாத சிறிய ‘ஹெட்’. டிரேஸ் எலியட் எல்ஃப் என்ற பேஸ் ஹெட் 200 வாட் தருகிறது. பாரம் ஒரு கிலோவுக்கும் குறைவு. எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் 44 மெக்னம் என்பது காலால் மிதிக்கும் பெடல் அளவிலான, கிற்றாருக்கான 44 வாட் அம்ப். நமது பெரிய பெட்டியில் ஸ்பீக்கர் நன்றாக இருந்து மின் பகுதி மட்டும் பழுதானால், அந்த ஸ்பீக்கரை இத்தகைய ஹெட்டில் பூட்டி நிகழ்ச்சியைத் தொடரலாம். ஆனால் உங்கள் பெட்டியில் ஸ்பீக்கர் வயரைக் கழற்றி வெளியே பூட்ட வழி இருக்கிறதா என்று முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். மேடையில் இருட்டுக்குள் ஸ்குரூ கழற்ற முடியாது.

மூன்றாவது, அம்ப் இல்லாமலே மிக்ஸருக்குப் போவது. ‘டிஐ பொக்ஸ்’ என்ற உள்ளங்கை அளவான பெட்டி, வாத்தியத்தின் மெல்லிய சமிக்ஞையை மிக்ஸருக்கு ஏற்ற வகையில் மாற்றி நீண்ட வயரில் இரைச்சல் ஏறாமல் அனுப்பும். கீபோட்டுக்கும் பேஸுக்கும் இதுவே போதும். மின்கிற்றாருக்கு நேரடியாக அனுப்பினால் சத்தம் கூர்மையாகவும் வறட்சியாகவும் இருக்கும். ஸ்பீக்கர் பெட்டியின் தன்மையைப் பாவனை செய்யும் வசதி உள்ள பெடல் வேண்டும். மிகக் குறைந்த பணத்தில் கிடைக்கும் காப்புறுதி இது. கையில் காசு இல்லாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

பெயர்களைச் சொன்னது உதாரணத்துக்காக மட்டுமே. இவற்றைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. எந்த உற்பத்தியாக இருந்தாலும் மிக்ஸருக்குப் போகும் ‘டிஐ’ வழி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் சிறிய அம்பும் பெரிய மேடைக்குப் போதும்.

ஓம் கணக்கு

சிறிய ஹெட் வாங்குவோர் கட்டாயம் அறிய வேண்டியது ஸ்பீக்கரின் ‘ஓம்’ அளவு. ஹெட்டின் பின்னால் ‘குறைந்தது 4 ஓம்’ என்று எழுதியிருந்தால் அதற்குக் கீழே போகக்கூடாது. 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டி ஒன்று பூட்டலாம். 8 ஓம் பெட்டிகள் இரண்டைச் சமாந்தரமாகப் பூட்டினால் 4 ஓம் ஆகும், சரி. மூன்றாவதைப் பூட்டினால் 2.67 ஓம், அம்ப் சூடேறி நின்றுவிடும் அல்லது எரிந்துவிடும்.

வால்வு அம்ப் வைத்திருப்பவர்களுக்கு எதிர்மாறான எச்சரிக்கை: ஸ்பீக்கர் பூட்டாமல் அதை ஒருபோதும் இயக்கக்கூடாது. வெளியீட்டு மின்மாற்றி பழுதாகலாம்.

ஹெட்டிலிருந்து ஸ்பீக்கருக்குக் கிற்றார் வயரைப் பயன்படுத்தக்கூடாது. முனை ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே கம்பி மெல்லியது. ஸ்பீக்கருக்கான தடித்த வயர் ஒன்றை மாற்று அம்புடன் அதே பைக்குள் வைத்துவிடுங்கள்.

மின்பிறப்பாக்கி மேடைகள்

நமது பிரதேசங்களில் திருவிழா என்றாலே ஜெனரேற்றர் சத்தமும் சேர்ந்தே வரும். அம்ப்களுக்கு இதுவே பெரிய எதிரி.

மேடை விளக்குகள் ஒரேயடியாகப் போடப்படும்போது சிறிய ஜெனரேற்றரில் மின்னழுத்தம் விழும். ‘100–240 வோல்ட்’ என்று எழுதியுள்ள ஸ்விட்ச்மோட் மின்வழங்கி இந்த வீழ்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். பாரம் குறைந்த அம்பில் கிடைக்கும் இன்னொரு நன்மை இது.

ஆனால் மின்னழுத்தம் ஏறினால் எதுவும் தாங்காது. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் வயர் கழன்றால், சில பிளக்குகளில் 230 வோல்ட்டுக்குப் பதிலாக 300 வோல்ட்டுக்கு மேல் வரலாம்; வேறு சிலவற்றில் விளக்கு மங்கும். ஒருவருடைய அம்ப் மட்டும் எரிந்து மற்றவர்களுடையது தப்புவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். செருகுவதற்கு முன்னர் மல்ரிமீற்றர் ஒன்றால் அளந்து பாருங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குப் பூட்டும், அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் மின்னழுத்தக் காப்பு பிளக் ஒன்றை அம்புக்கும் பயன்படுத்துங்கள். எரிந்த அம்பைத் திருத்துவதோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமில்லை.

இனி உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம். அம்பில் ‘உம்ம்’ என்ற இரைச்சல் வருகிறது என்பதற்காகப் பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. கிற்றாரின் தந்திகள் வயர் வழியாக அம்பின் உடலுடன் இணைந்தவை. எர்த் இல்லாத அம்பில் கசிவு ஏற்பட்டால் தந்தியைத் தொடும் கைக்கு மின்சாரம் வரும். அதே நேரம் உதடு மைக்கில் பட்டால் மின்சாரம் நெஞ்சைக் கடந்து போகும். ஸ்டோன் த க்ரோஸ் என்ற ஸ்கொட்லாந்து இசைக்குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சி நகர மேடையில், எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டதால் இறந்தார். அப்போது அவருக்கு வயது இருபதுகளில்.

இரைச்சலைப் போக்க டிஐ பொக்ஸில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்ற சுவிட்ச் இருக்கும். அது சத்தம் போகும் வயரின் இணைப்பை மட்டும் பிரிக்கும், பாதுகாப்பானது. பிளக்கின் எர்த்தைத் தொடக்கூடாது. மேடைக்கான மின்சாரம் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வழியாக வருகிறதா என்று சவுண்ட்ஸ்காரரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. பற்றரி அம்ப் தனியாக ஓடும்போது மின்கம்பியுடன் தொடர்பற்றது. ஆனால் அதிலிருந்து மிக்ஸருக்கு வயர் பூட்டியதும் அதுவும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

பற்றரி: பழைய பாடம், புதிய கணக்கு

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வாழ்ந்தவர்களுக்குப் பற்றரியின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. பென்டோர்ச் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறை அது. 2022 இல் நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தபோது தெற்கில் பலர் தடுமாறினார்கள். எங்கள் வீடுகளில் மூத்தவர்கள் பழைய ஞாபகத்தில் விளக்கைத் துடைத்து வைத்தார்கள்.

இன்று கணக்கு சுலபம். யூபிஎஸ்ஸில் உள்ள 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்றில் 84 வாட்-மணி சக்தி இருக்கிறது. பாரம் இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம். ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் வெறுமையாக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 42 வாட்-மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இசை தொடர்ந்து முழு அளவில் இருப்பதில்லை. சிறிய கிளாஸ் டி அம்ப் சராசரியாக 10 வாட் எடுத்தால் நான்கு மணித்தியாலம் ஓடும். ஒரு நிகழ்ச்சிக்குப் போதும். இதற்கு 12 வோல்ட் நேர்மின் துளை உள்ள அம்பாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேர், மறை முனைகளை மாற்றிப் பூட்டினால் அம்ப் போய்விடும். வயரில் அடையாளம் ஒட்டி வையுங்கள். மலிவான இன்வேர்ட்டர் வழியாக 230 வோல்ட்டாக மாற்றினால் சத்தத்தில் இரைச்சல் கலக்க வாய்ப்பு அதிகம்.

உள்ளேயே லிதியம் பற்றரி உள்ள பெட்டியைத் தகரக் கூரையின் கீழ், வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் வைக்கக்கூடாது. நீண்டநாள் பாவிக்காவிட்டால் பாதி மின்னேற்றத்தில் வையுங்கள்; மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். சாதாரண பென்டோர்ச் பற்றரி போடும் பெட்டியானால் வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். கசிந்தால் தொடுமுனைகளை அரித்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து வரும் அம்ப்

நமது கலைஞர்கள் பலருடைய நல்ல சாமான்கள் புலம்பெயர்ந்த உறவுகள் கொண்டுவந்து கொடுத்தவை. அனுப்பச் சொல்வதற்கு முன்னர் அங்குள்ள மின்சாரத்தைக் கவனியுங்கள். பிரித்தானியா, ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே ஆகிய நாடுகளில் நம்முடையதைப் போல 230 வோல்ட். கனடாவில் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். கனடாவில் வாங்கிய அம்பின் பின்னால் ‘120 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால், இங்கே செருகிய கணமே எரியும். அழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி ஒன்று வேண்டும். அது இரும்புப் பாரம். சிறிய அம்ப் வாங்கியதன் பயனே போய்விடும். ‘100–240 வோல்ட்’ என்று எழுதியதை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

லிதியம் பற்றரி தனியாக இருந்தால் விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. 100 இலிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணிகள் கொண்டுவர முடியாது.

மேடையில் ‘டமார்’ வேண்டாம்

அம்பை மாற்றும் அவசரத்தில் நாம் செய்யும் ஒரு தவறு, சத்தம் ஏற்றிவைத்த நிலையிலேயே வயரைப் பிடுங்குவது. பெரிய ஸ்பீக்கர்களில் அது வெடிச்சத்தம்போலப் பாயும். மற்ற ஊர்களில் அதைக் கேட்டுச் சிரித்துவிடுவார்கள். எங்கள் சனத்துக்கு முன்னால் அப்படியில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா காதைப் பொத்திக்கொண்டு குனிந்ததை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த பேரப்பிள்ளைக்கு ஏனென்று விளங்கவில்லை. நிகழ்ச்சி முடியும்வரை அவர் நிமிர்ந்து உட்காரவில்லை.

இதைத் தவிர்க்க ஒழுங்கு ஒன்று போதும். முதலில் மிக்ஸரில் உங்கள் வழியை மூடச் சொல்லி சவுண்ட்ஸ்காரருக்குக் கை காட்டுங்கள். அம்பின் சத்தத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வயரை மாற்றுங்கள். அம்பைப் போட்டு, மெதுவாக ஏற்றி, கடைசியாக மிக்ஸரைத் திறக்கச் சொல்லுங்கள். சத்தத்தை மூடும் ‘மியூட்’ சுவிட்ச் உள்ள அம்பைத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது. செல்லடியில் காது பாதிக்கப்பட்டு இரைச்சல் கேட்டுக்கொண்டே வாழ்பவர்களும் எங்கள் மேடைகளுக்கு முன்னால் இருக்கிறார்கள். வாசிப்பவர்களிலும் இருக்கிறார்கள். மேடையில் சிறிய அம்பைக் காது உயரத்துக்கு ஒரு கதிரையில் வைத்தாலே குறைந்த சத்தத்தில் தெளிவாகக் கேட்கும்.

வாங்குவதற்கு முன்னர்

உங்கள் வாத்தியத்தையும் உங்கள் வயரையும் கடைக்குக் கொண்டுபோங்கள். பெட்டியை ஒரு கையில் தூக்கிக் கடையைச் சுற்றி ஐந்து நிமிடம் நடவுங்கள்; கடையில் பாரமில்லாதது நள்ளிரவு இரண்டு மணிக்கு மேடைப் படியில் பாரமாகும். சத்தத்தை முக்கால்வாசிக்கு ஏற்றி உங்கள் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த சுரத்தை வாசியுங்கள். கிழிகிறதா என்று கேளுங்கள். வாசிக்காமல் நின்று இரைச்சலைக் கேளுங்கள். பழைய சாமான் என்றால் அரை மணித்தியாலமாவது ஓட விடுங்கள்; சூடேறிய பிறகுதான் பல பழுதுகள் தெரியும்.

வாங்கிய பிறகு அதை வீட்டில் வைத்துவிடாதீர்கள். ஒரு பயிற்சி முழுவதையும் மாற்று அம்பில் மட்டும் வாசியுங்கள். எந்த வயர் குறைகிறது, எந்தத் திருகை எங்கே வைக்க வேண்டும் என்பது அப்போது தெரியவரும். திருகுகள் நிற்கும் இடத்தில் சிறு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன அண்ணை, கடைசியில் ஒரு கிலோ அளவான பேஸ் ஹெட் ஒன்றைப் பழையதாக வாங்கினார். ஐரோப்பாவில் இருக்கும் மைத்துனர் பாதிப் பணம் கொடுத்தார். எரிந்த பெட்டியின் மின் பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஸ்பீக்கரை மட்டும் வைத்திருக்கிறார். மண்டபத்தில் மிக்ஸர் இருந்தால் அதையும் கொண்டுபோவதில்லை.

சில வாரங்களுக்கு முன்னர் கிளிநொச்சியில் ஒரு திருமண நிகழ்ச்சிக்கு அவர் வந்து இறங்கியதைப் பார்த்தேன். பஸ்ஸில்தான் வந்தார். முதுகில் கிற்றார்ப் பை. ஹெட், வயர், டிஐ பொக்ஸ், சிறிய மல்ரிமீற்றர் எல்லாம் அந்தப் பையின் முன் அறைக்குள் இருந்தன. வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம் தம்பி, இது நானே கொண்டுபோவன்” என்றார். மேடைப் படிகளில் ஒவ்வொன்றாக, பொய்க்காலை முதலில் வைத்து, ஏறினார். பிளக்கில் மீற்றரை வைத்துப் பார்த்தார். 228 காட்டியது. தலையாட்டிவிட்டுச் செருகினார்.